டேப்பக்காவும் இடைவழி அலமாரியும்

எங்கள் மருத்துவமனையில் டாக்டர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும். ஒருவர் கழுத்தில் மட்டும் தையல்காரர்கள் போட்டுக்கொள்ளும் மஞ்சள் டேப் தொங்கும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் வாசல் காவலாளி முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் அவர் டேப்பக்காதான். தலைமை மருத்துவர் அவரைவிட வயதில் மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் அதே மருத்துவமனையின் ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோயாளி வீடு திரும்பியதும் அவருடைய கோப்பு எங்களிடம் வரும். தாள்களை வரிசைப்படுத்தி, விடுபட்டதைக் கேட்டு வாங்கி, நூல் கோத்துக் கட்டி அடுக்க வேண்டும். அதனால் டேப்பக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே அவருடைய கையெழுத்து எனக்குப் பழக்கம். மற்ற தாள்களில் ரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து என்று இருக்கும். அவர் தாளில், ‘வாசலில் நாய் உண்டு, ஆளைக் கண்டால் தாவும், கட்டச் சொல்லியிருக்கிறேன்’ என்று இருக்கும். ‘கட்டில் உயரம், கால் தரையில் படவில்லை, அடியில் வைத்த செங்கல்லை எடுக்க வேண்டும்’ என்று இருக்கும். ‘மருமகள் காலையிலேயே வேலைக்குப் போகிறார், மதியம் வரை தனியாக இருக்க வேண்டும், தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில்’ என்று இருக்கும். என் பக்கத்து மேஜைக்காரர் இவற்றைப் படித்துவிட்டு, “இது கேஸ் ஷீட்டா, அக்கம்பக்கத்து வம்பா?” என்று கேட்பார்.

இரண்டும்தான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நோயைக் குணமாக்க டாக்டர் இருக்கிறார். காலை நடக்க வைக்க பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். அந்தக் கால் எந்த வாசற்படியைத் தாண்டி எந்தக் கட்டிலுக்குப் போகப்போகிறது என்று கேட்பதற்கு இருப்பவர் டேப்பக்கா. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று அந்த வேலைக்குப் பெயர்.

அவருடைய அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. மூத்த மகள் தையலைப் பிடித்துக்கொண்டார். இளையவரான இவர் அளவு எடுப்பதோடு நின்றுவிட்டார். “அளவு மட்டும் அச்சாப் பிடிப்பா. மிஷின்ல உட்கார்ந்தா சட்டை கோணிக்கிட்டுப் போகும்” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாராம். பள்ளி முடிந்து நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனபோது இடம் நிரம்பிவிட்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா, யாரும் எட்டிப் பார்க்காத படிப்பு ஒன்று இருக்கிறது, சேர்ந்துகொள் என்றார். அதில் என்ன செய்ய வேண்டும் என்று இவர் கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியாது, படித்துவிட்டு வந்து சொல் என்று பதில் வந்தது. படிப்பு முடிந்ததும் டேப்பக்கா உண்மையாகவே அந்த ஜன்னலுக்குப் போய் விளக்கிவிட்டு வந்தார். குமாஸ்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுக்கு எதுக்கும்மா படிப்பு? எங்க அம்மாவே செய்வாங்களே” என்றாராம். இந்தக் கதையைச் சொல்லும்போது டேப்பக்கா அவரை மறுத்தும் பேச மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

வேலையில் சேர்ந்தபோது சலவை அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். கதவுக்கு மேல் ‘தொழில்வழி சிகிச்சை’ என்று பலகை மாட்டினார்கள். ஆரம்பத்தில் நோயாளிகளைவிட வேலை தேடுகிறவர்கள்தான் அங்கே அதிகம் வந்தார்கள். ஒருவர் தன் மகனைச் சான்றிதழ்களோடு கூட்டிவந்து, எந்தத் தொழிலாக இருந்தாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்துகொண்டாராம்.

அறைக்குள் ஒரு கட்டில், கைவைத்த நாற்காலி, மருத்துவமனைத் தச்சர் செய்துகொடுத்த மரப்படி, ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பெலும்பு முறிந்தவர்களும் வீட்டுக்குப் போகும் முன் இங்கே வருவார்கள். ஒற்றைக் கையால் சட்டை போட வேண்டும், கட்டிலிலிருந்து எழ வேண்டும், தேநீர் போட வேண்டும். போட்ட தேநீரை டேப்பக்கா குடிப்பார். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தாலும் முகம் மாறாமல் ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லா சூடா இருக்கு” என்பார். நோயாளி முன்னால் அதற்குமேல் ஒரு சொல் வராது.

அவர் கேள்வி கேட்கும் விதமும் அனுபவத்தில் வந்ததுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், வீட்டில் மாடிப்படி உண்டா என்று கேட்டாராம். கிடையவே கிடையாது என்றார் ஆசிரியர். அவர் சொன்னது சத்தியம். அவர் வீட்டுக்கு மாடியே இல்லை. ஆனால் தெருவிலிருந்து வாசலுக்கு ஏற முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருந்தது. அதை அவர் வாழ்நாளில் படி என்று நினைத்ததே இல்லை. வீட்டுக்குப் போன அன்றைக்கு அந்தக் கல்லருகில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தவரைக் கடைசியில் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு டேப்பக்கா படியைப் பற்றிக் கேட்பதில்லை. “தெருவில இருந்து கட்டிலுக்குப் போற வரைக்கும் எங்கெல்லாம் காலைத் தூக்குவீங்க? நடந்து காட்டுற மாதிரி சொல்லுங்க” என்பார். முடிந்தபோதெல்லாம் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்.

அவர் கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டுச் சமையல் பெரும்பாலும் அவர்தான். ஊரில் உள்ள குளியலறைகளுக்கெல்லாம் கைப்பிடி மாட்டச் சொல்லும் மகராசி வீட்டில், குளியலறைத் தாழ்ப்பாள் இன்னும் நூலில்தான் கட்டித் தொங்குகிறது என்று அவர் என்னிடம் ஒருமுறை புகார் சொன்னார். டேப்பக்காவிடம் விசாரித்தேன். அவர் தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். “நாங்க ரெண்டு பேரும் பாடத் தெரிஞ்சவங்க சார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டா ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

ஆவண அறையில் இருந்தவனுக்கு ஒன்று தெரியும். அறுவை சிகிச்சை செய்தவர் பெயர் கோப்பில் இருக்கும். கொடுத்த மருந்து இருக்கும். நோயாளி விழுந்து மறுபடி வந்தால் அதற்கும் தாள் உண்டு. விழாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் அதை எழுத எந்தத் தாளிலும் இடம் கிடையாது. டேப்பக்காவின் வேலை சரியாக நடந்தால் எதுவும் நடக்காது. அதனால் அவருக்கு நன்றி சொல்ல யாரும் திரும்பி வருவதில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்தன. மருந்திலும் பயிற்சியிலும் கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. பேச்சு கொஞ்சம் குழறியது; ஆனால் அதில் இருந்த காரம் குறையவில்லை. டாக்டர் இனி வார்டில் வைத்திருக்க அவசியமில்லை என்றார். எங்கே போவது என்பதுதான் கேள்வி.

எங்கள் மகன் வேறு ஊரில் மாடி வீட்டில் இருக்கிறான். தன் வீட்டுக்கு அருகில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அம்மாவுக்குக் கட்டில் சொல்லிவைத்திருந்தான். பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார், அம்மா விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டான். மனைவி ஒரே பேச்சாக இருந்தாள். “நான் என் வீட்டுக்குப் போறேன். அங்க போய் என்ன ஆனாலும் சரி.” மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன ஆனாலும் சரின்னு உனக்கு இருக்கலாம்மா. எனக்கு இல்ல” என்றான்.

டாக்டர் வழக்கை டேப்பக்காவிடம் தள்ளிவிட்டார். படுக்கையறையிலிருந்து குளியலறைக்கு அவள் யார் துணையும் இல்லாமல் போய்த் திரும்ப முடியுமானால் வீடு. முடியாவிட்டால் இல்லம். சலவை அறைக்குப் பக்கத்து அறையில் பயிற்சி நடந்தது. இடது கையில் தடியோடு என் மனைவி அங்கே நன்றாகவே நடந்தாள். தேநீர் போட்டாள். டேப்பக்கா குடித்துவிட்டு, நல்லா சூடா இருக்கு என்றாராம். அடுத்து வீட்டில் ஒத்திகை. மனைவியை வீட்டுக்கு அழைத்துவந்து நடக்கவிட்டுப் பார்ப்பது, பிறகு திரும்ப வார்டுக்கு.

வழக்கமாக டேப்பக்கா அதற்கு முன்பே ஒரு தடவை தனியாக வந்து வீட்டைப் பார்ப்பார். மருத்துவமனை வண்டி பழுதாகிக் கிடந்ததால் இந்த முறை போனில் பேசினார். வழியில் இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள், பாதை தெளிவாக இருக்க வேண்டும் என்றார். சொன்னதைச் சொன்னபடி செய்து பழகிய கை என்னுடையது. படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் இடைவழியில் இருந்த மிதியடி, செருப்பு ஸ்டாண்ட், பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லாவற்றையும் எடுத்தோம். ஃபிரிட்ஜைத் தள்ளிச் சமையலறை மூலைக்குக் கொண்டுபோனோம். எங்கள் கல்யாண காலத்து மர அலமாரி ஒன்று இடைவழி நீளத்துக்கு நின்றது, இடுப்பளவு உயரம். நகர்த்த முடியாதபடி கனமாக இருந்ததால் உள்ளே இருந்ததைக் காலி செய்துவிட்டு மகனும் மருமகளும் நானும் பின்வராந்தாவுக்குத் தூக்கினோம். மருமகள் தரையைக் கழுவித் துடைத்தாள். ஒரு பந்தை உருட்டிவிட்டால் நேராகப் போய்க் குளியலறைக் கதவில் முட்டி நிற்கும். அவ்வளவு தெளிவு.

மறுநாள் மனைவி வந்தாள். வாசற்படி ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், தடியை ஊன்றி இடைவழிக்குள் வந்தாள். வந்தவள் தடியைத் தரையிலிருந்து தூக்கி இடது பக்கம் கையை நீட்டினாள். அங்கே எதுவும் இல்லை. தடி சுவரில் இடித்து விழுந்தது. டேப்பக்கா பின்னாலேயே வந்ததால் இடுப்பில் பிடித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் நடந்திருக்கக்கூடியதை எழுத எனக்குக் கை வராது.

அதற்குப் பிறகு அவள் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை. நாற்காலி கொண்டுவந்து உட்காரவைத்தோம். “இது யார் வீடு?” என்று கேட்டாள். மூளையிலும் ஏதோ ஆகிவிட்டது என்று மருமகள் அழத் தொடங்கினாள். மகன் என்னைத் தனியாக அழைத்து, இல்லத்துக்குப் போன் பண்ணி உறுதி செய்துவிடுகிறேன் என்றான். நான் சரி என்று தலையாட்டினேன்.

டேப்பக்கா இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. இடைவழியில் முன்னும் பின்னும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தரையில் மண்டியிட்டார். கழுவின தரையில் ஒரு நீண்ட கட்டம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. இங்கே என்ன இருந்தது என்று கேட்டார். பின்வராந்தாவைக் காட்டினேன். அங்கே போய் அலமாரியின் மேல்விளிம்பில் உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிக்கொண்டே போனார். அந்த விளிம்பில் மட்டும் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளியே தெரிந்தது. நான் அதை அதுவரை பார்த்ததில்லை.

உள்ளே வந்து மனைவி முன்னால் உட்கார்ந்தார். “அம்மா, அந்த அலமாரி ஓரம் தேஞ்சிருக்கே. உங்க கையா?”

“வேற யார் கை?” என்றாள் மனைவி. “முட்டி வலி வந்த நாள்ல இருந்து அதைப் பிடிச்சுத்தான் போறேன். இவர் கை பேனாவைத் தவிர எதைப் பிடிச்சிருக்கு?”

டேப்பக்கா சிரித்துவிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “தப்பு என்னோடது ஐயா. வீட்டைப் பார்க்காம போன்ல வழி சொல்லிட்டேன். அம்மாவுக்குப் பாதை தரையில இல்ல, அலமாரி மேல இருக்கு” என்றார். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, மூளையைவிடக் கைக்கு இந்த வீடு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான் என்று மருமகளைச் சமாதானப்படுத்தினார்.

அலமாரி மறுபடி இடைவழிக்கு வந்தது, வெளுத்த கட்டத்தின் மேலேயே. டேப்பக்கா இடுப்பால் ஒரு இடி இடித்தார். அலமாரி ஆடியது. பிடிக்கிற பொருள் ஆடினால் ஆளையும் சேர்த்துக் கவிழ்க்கும் என்றார். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டார். சொல்லத் தயங்கினேன். வீட்டு முற்றத்தில் பெய்த மழையளவு, மின்சார மீட்டர் அளவு, வாங்கின பொருளின் ரசீது என்று நான் காலமெல்லாம் சேர்த்துவைத்த கட்டுகள்தான் இருந்தன. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கச் சொன்னார். கனமானவை கீழ்த்தட்டில். அடுக்கிய பிறகு மறுபடி இடித்தார். அசையவில்லை.

மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனை வருஷமா இந்தக் குப்பையை எடைக்குப் போடுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கடைசியில அதுதான் என்னைத் தாங்கணும்னு இருக்கு” என்றாள்.

ஃபிரிட்ஜும் பழைய இடத்துக்கு வந்தது. ஸ்டூலும் மிதியடியும் வெளியிலேயே இருக்கட்டும் என்றார் டேப்பக்கா. இப்போது மனைவி எழுந்தாள். தடியைக் கட்டில் ஓரத்தில் மாட்டினாள். கட்டில் கம்பி, ஃபிரிட்ஜ், அலமாரி, கதவு நிலை. இடது கை ஒன்றை விடுவதற்கு முன் அடுத்ததைப் பிடித்தது. கால் மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தது, ஆனால் வந்தது. குளியலறை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள், ஏதோ போட்டியில் ஜெயித்தவள் மாதிரி.

மகன் அப்போதும் விடவில்லை. அவன் கேட்டதும் நியாயம். “போயாச்சு. திரும்பி வரும்போது அலமாரி வலது கைப் பக்கம் வருமே. அந்தக் கைதான் வேலை செய்யாதே?”

டேப்பக்கா அவனைப் பார்த்து, இதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன், நல்ல கேள்வி என்றார். எதிர்ச்சுவர் நெடுக ஒரு கம்பி வேண்டும். மனைவியை நேராக நிற்கவைத்து, தையல்காரர் சட்டைக்கு அளவு எடுப்பதுபோல, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டிலிருந்து தரைக்கு டேப்பைப் பிடித்தார். சுவரில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, முன்கையை அந்தக் கோட்டுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றார்.

“வாங்கம்மா. இன்னைக்கு நான்தான் கம்பி. நான் இழுக்க மாட்டேன், தள்ள மாட்டேன். நீங்க பிடிச்சுக்கிட்டு நடங்க.”

மனைவி அந்த முன்கையைப் பிடித்து நடந்தாள். அவள் தாண்டியதும் டேப்பக்கா சுவரோடு நகர்ந்து அடுத்த இடத்தில் கம்பியாக நின்றார். கட்டில் வந்தது. மனைவி உட்கார்ந்தாள்.

மகன் சுவரில் இருந்த பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். டேப்பக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவனிடம் வந்தார். “நீங்க பயப்படுறது தப்பே இல்ல தம்பி. அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுப்போம். கம்பியை நீங்களே மாட்டுங்க. பிடிச்சுத் தொங்கிப் பாருங்க. உங்களைத் தாங்கினா அம்மாவைத் தாங்கும்.” அவன் அன்றே போய்க் கம்பி வாங்கிவந்து, கோட்டுக்கு ஒரு நூல் கூடக் குறையாமல் மாட்டினான். மாட்டிவிட்டுத் தொங்கியும் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய் இல்லத்துக்குப் போன் பண்ணினான். அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று அவன் சொன்னது உள்ளே கட்டிலருகில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. அன்றைக்கு மழையளவு எழுத மறந்துபோனேன்.

மனைவி வார்டிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டாள். இப்போதும் இங்கேதான் இருக்கிறாள். போகும்போது அலமாரி, வரும்போது கம்பி. சென்ற முறை வந்த மகன், அலமாரி ஓரம் அசிங்கமாக இருக்கிறது, புதிதாக வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்றான். “வேண்டாம்பா, வழுக்கும்” என்றாள் அவள், டேப்பக்காவின் குரலிலேயே.

அண்மையில் டேப்பக்கா எங்கள் தெருவில் வேறொரு வீட்டை அளக்க வந்தவர் எங்களையும் பார்க்க வந்தார். மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் கூடப் போக எழுந்தேன். டேப்பக்கா கண்ணால் உட்காரச் சொன்னார். ஒற்றைக் கையால் அவள் போட்ட தேநீரை நான்தான் எடுத்துவந்து கொடுத்தேன். மனைவி எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேப்பக்கா ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார்.

“சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா” என்றார்.

மனைவிக்கு முகம் மலர்ந்துபோயிற்று. வார்டில் நோயாளியாக இருந்த வரை டேப்பக்காவுக்கு அவள் போட்ட எல்லாத் தேநீரும் நல்ல சூடாகத்தான் இருந்தது.

“அப்படின்னா அடுத்த தடவை நீங்களே வந்து போட்டுக்குங்க” என்றாள்.